இரண்டாவது முறை பிடிபட்டால் சும்மா இல்லை!

"போன தடவை மாதிரிதான் அண்ணே, அபராதத்தைக் கட்டிட்டா போச்சு!"

குடித்துவிட்டு வண்டி ஓட்டி மறுபடியும் மாட்டிக்கொண்டவர்கள் சிலர் இப்படித்தான் பேசுகிறார்கள். சட்டம் மாறிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் கோர்ட்டுக்குப் போனால் பாதிக்கப்படுவது அவர் மட்டுமல்ல, அவரை நம்பியிருக்கும் குடும்பமும்தான்.

1941-ல் கிள்ளான் தோட்டங்களில் நம்மவர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கைகளில் ஒன்று. அந்தக் காலத்தில் கடை லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குடித்தவன் தள்ளாடித் தள்ளாடி நடந்தே வீடு சேர்ந்தான். இன்று செமோர் பக்கம் பார்த்தால் கடை டவுனில், வீடு தோட்டத்திலோ தாமானிலோ இருக்கிறது. நடுவில் இருப்பது மோட்டார் சைக்கிள். ஆபத்தும் அங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை 2020-ல் கடுமையாக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 23 முதல் அது அமலில் இருக்கிறது. 100 மில்லிலிட்டர் மூச்சுக் காற்றில் 22 மைக்ரோகிராம், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். மது இந்த அளவைத் தாண்டினால் குற்றம். முன்பு மூச்சுக்கு 35, இரத்தத்துக்கு 80 என்று இருந்தது. ஆகவே, "முன்னே இவ்வளவு குடிச்சு ஓட்டினேன், ஒண்ணும் ஆகலியே" என்ற கணக்கு இனி செல்லாது. மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான்.

முதல் தடவை குற்றம் உறுதியானால் 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அதோடு 2 ஆண்டுகள் வரை சிறை. லைசென்ஸ் குறைந்தது 2 ஆண்டுகளுக்குப் பறிபோகும். இரண்டாவது தடவை என்றால் அபராதம் 20,000 முதல் 50,000 வெள்ளி வரை, சிறை 5 ஆண்டுகள் வரை, லைசென்ஸ் இல்லாமல் குறைந்தது 5 ஆண்டுகள். அபராதத்தோடு சிறையும் கிடைக்கலாம். லோரி ஓட்டிப் பிழைப்பவருக்கு 5 ஆண்டு லைசென்ஸ் இல்லை என்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? தடை இருக்கும்போது வண்டியை எடுத்தால் அது இன்னொரு குற்றம்.

குடிபோதையில் ஓட்டி ஓர் உயிர் போய்விட்டால் முதல் தடவையே 10 முதல் 15 ஆண்டுகள் சிறை.

சாலையில் நிறுத்தினால்...

ஊதச் சொன்னால் ஊதுங்கள். நியாயமான காரணம் இல்லாமல் மறுப்பதே தனிக் குற்றம். மறுத்தால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிலையத்தில் இரண்டு முறை மூச்சு எடுத்தால், குறைவாக வந்த அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இரத்தமோ சிறுநீரோ எடுத்தால், அதில் ஒரு பங்கை எனக்கும் கொடுங்கள் என்று அப்போதே கேட்கலாம்.

"கொஞ்சம் காசு கொடுத்துச் சமாளிக்கலாம்" என்ற நினைப்பு வேண்டவே வேண்டாம். லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். ஒரு வழக்கோடு போவது இரண்டு வழக்காகிவிடும்.

கைதானால் உங்களுக்கு உள்ள உரிமை

எதற்காகக் கைது செய்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். விருப்பமான வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை மலேசிய அரசியல் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தருகிற உரிமைகள். விசாரணை தொடங்குமுன் வீட்டாருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லக் கேட்கலாம். பெயர், அடையாளக் கார்டு விவரங்களைக் கொடுங்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். பேச மறுக்கலாம், ஊத மறுக்கக் கூடாது.

கோர்ட்டில் அவசரப்படாதீர்கள்

"ஒத்துக்கிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று கூண்டில் நின்றவுடன் தலையாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மலாய் புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். வழக்கறிஞரைப் பார்க்க அவகாசம் கேளுங்கள். ஜாமீனும் கேட்கலாம்.

இரண்டாவது குற்றம் என்று சொல்லும்போது, முதல் தடவை தண்டனை கிடைத்த தேதியும் கோர்ட்டும் சரிதானா என்று பாருங்கள். பிடிபட்டது மட்டும் போதாது, கோர்ட்டில் குற்றம் உறுதியாகியிருக்க வேண்டும். அது நீங்கள் இல்லை என்றால் மறுக்கலாம்; நிரூபிக்க வேண்டியது அரசு தரப்பு. உண்மையில் தவறு செய்திருந்தால் ஒப்புக்கொள்வதும், குடும்ப நிலையை எடுத்துச் சொல்வதும் தண்டனையைக் குறைக்க உதவலாம். ஆனால் சட்டம் வைத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போக முடியாது. தீர்ப்பு சரியில்லை என்று பட்டால் 14 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

வழக்கறிஞருக்குக் காசில்லையே என்று கலங்க வேண்டாம். வருமானம் குறைந்த குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் குற்ற வழக்குகளில் வழக்கறிஞர் ஏற்பாடு செய்து தருகிறது. ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. வீட்டுக்காரர் பிடிபட்டால் வீட்டிலிருக்கும் அம்மாமார்கள் அழுதுகொண்டு உட்காராமல் அவரது அடையாளக் கார்டு நகல், சம்பளச் சீட்டு, பழைய கோர்ட்டுத் தாள்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கேளுங்கள்.

உரிமையைத் தெரிந்துகொள்வது குடிப்பதற்குத் துணிச்சல் தேடுவதற்காக அல்ல. எந்த வழக்கறிஞரும் 5 ஆண்டு லைசென்ஸைத் திருப்பித் தந்துவிட முடியாது. போன உயிரையும் தர முடியாது. ஒருமுறை மாட்டியவர் சம்பள நாளன்று வண்டிச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். திரும்பும்போது குடிக்காத ஒரு தம்பி கூட்டி வரட்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்காதீர்கள், சகோதரர்களே!