நகரத்தில் வாழும் மீன்பிடிப் பூனை

காட்டு விலங்குகள் காட்டில் மாத்திரமே வாழும் என எண்ணுவது வழக்கம். ஆயின் இலங்கையின் பெருநகரமாகிய கொழும்பிலே மீன்பிடிப் பூனை என்னும் காட்டுப் பூனையினம் வாழ்ந்து வருகின்றது.

இது வீட்டுப் பூனையிலும் ஏறக்குறைய இரு மடங்கு பருமனுடையது. சாம்பல் நிற உடலிற் கரும்புள்ளிகள் உண்டு, வால் குறுகியது. கால்விரல்களிடையே அமைந்த சிறு சவ்வு சேற்றில் நடப்பதற்கு உதவுகின்றது. சதுப்பு நிலமும் நாணற் புதருமே இதன் இயற்கை வாழிடங்கள்.

கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களுட் பல, முன்னர் நெல் விளைந்து பின்னர் கைவிடப்பட்ட வயல்களாகும். 2018 ஆம் ஆண்டில், ராம்சார் சமவாயத்தின்கீழ் ஈரநில நகரங்களென முதன்முதலாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்றாயிற்று. இந்நிலங்கள் எஞ்சியிருப்பதனாலேயே இப்பூனையும் அங்கே எஞ்சியுள்ளது.

நகர வாழ்வுக்கேற்பத் தன் பழக்கங்களையும் இது அமைத்துக்கொண்டுள்ளது. பகலிற் புதரில் மறைந்திருந்து, மக்கள் உறங்கிய பின் இரை தேடுகின்றது. கால்வாய்க் கரைகளையும் வடிகால்களையும் வழியாகக் கொள்கின்றது. மதில் ஏறி, கூரைமேல் நடந்து, வீட்டுத் தொட்டிகளிலுள்ள அலங்கார மீன்களையும் பிடித்துண்கின்றது. எனினும் வீதியைக் கடக்கையில் வாகனங்களில் அடிபட்டு இறப்பனவும் உள.

கமக்காரருக்கு இதனாற் பயன் யாது? மீனோடு எலியும் இதன் உணவாகும். எலி நெற்பயிரை அழிப்பதோடு, அதன் சிறுநீர் கலந்த நீரில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலையும் உண்டாக்கும். ஆகவே எலியை உண்ணும் இவ்விலங்கு வயலோரத்தில் இருத்தல் நன்மையே. சில வேளைகளிற் கோழியைக் கவர்தலும் உண்டு. அதற்காகச் சுருக்கு வைத்தலாகாது. இது சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்காகும்.

கவனிக்க வேண்டியவை:

1. பொழுது சாயுமுன் கோழிகளைக் கூட்டில் அடைத்தல் வேண்டும்.

2. கூட்டின் பக்கங்களையும் மேற்புறத்தையும் உறுதியான கம்பி வலையால் மூடுதல் வேண்டும். வலையின் அடிப்பாகத்தை மண்ணுட் புதைத்தல் நலம்.

3. நஞ்சுண்டு இறந்த எலிகளை உடனே ஆழப் புதைத்தல் வேண்டும். அவற்றைத் தின்னும் பூனையும் இறக்கக்கூடும்.

4. வயல் வரம்புகளைத் துப்புரவாக வைத்திருப்பினும், ஓடைக்கரைப் புதர்களை முற்றாக அழிக்காது விடுதல் வேண்டும்.

கூட்டை உறுதியாக அமைத்தாற் கோழியும் தப்பும். வயலில் எலியை வேட்டையாடும் பூனையும் தப்பும்.