கழுத்துக்குள் நான்கு காவலர்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"நம்ம ஊர்த் தண்ணி அப்படி." தாத்தாவுக்குச் சிறுநீரகக் கல் வந்தபோதும், பிறகு என் தாய்மாமாவுக்கு மூன்று முறை வந்தபோதும் எங்கள் வீட்டில் சொன்ன காரணம் இதுதான். சென்ற ஆண்டு ஒரு மருத்துவர் மாமாவின் இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்த்தார். குற்றம் தண்ணீரில் இல்லை, கழுத்தில் இருந்தது!

தைராய்டு சுரப்பியின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, துவரம்பருப்பு அளவில் பொதுவாக நான்கு சுரப்பிகள் உண்டு. இவையே பாராதைராய்டு சுரப்பிகள். மனிதரில் இவற்றை 1880-ல் விவரித்து எழுதியவர் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்பவர். ஸ்வீடனின் உப்சாலாவில் இவற்றைத் தேடத் தொடங்கியபோது அவரும் நம்மைப் போல ஒரு மாணவரே!

நூறு மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கவேண்டும். அது குறைந்தால் இச்சுரப்பிகளின் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும். சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும். போதுமானது வந்ததும் காவலர்கள் ஓய்ந்துவிடுவர். ஓயாவிட்டால்? எலும்பு தேயும், சிறுநீரகத்தில் கல் சேரும், உடல் சோரும்.

பெரும்பாலோருக்கு ஒரு சுரப்பி மட்டுமே வீங்கும். அதை எடுத்தால் போதும். 1925-ல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் ஒரு டிராம் வண்டி ஊழியருக்கு இப்படித்தான் முதன்முதலில் அறுவை செய்தார். ஆனால் பரம்பரையாக வரும் நோயில் கதை வேறு. 1954-ல் பால் வெர்மர் ஒரே குடும்பத்தில் கண்டு விவரித்த நோய் இன்று 'மென்-1' எனப்படுகிறது. பாராதைராய்டு, கணையம், பிட்யூட்டரி ஆகியவற்றில் கட்டிகள் தோன்றும். பதினோராவது குரோமோசோமில் உள்ள இதற்குரிய மரபணு 1997-ல் அடையாளம் காணப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி.

குறை எல்லாச் செல்களிலும் இருப்பதால் நான்கு சுரப்பிகளுமே பாதிக்கப்படும். ஒன்றை எடுத்தால் மற்றவை வளரும். நான்கையும் எடுத்துவிட்டால் கால்சியம் வீழ்ந்து விரல்கள் இழுத்துக்கொள்ளும். ஆகவே இங்கே கேள்வி எவ்வளவு எடுப்பது என்பதல்ல, எவ்வளவு விடுவது என்பதே! பொதுவாக மூன்றரைச் சுரப்பிகளை எடுத்து, அரைச் சுரப்பியை அதன் இரத்த ஓட்டம் கெடாமல் விட்டுவைப்பர். மற்றொரு முறை, நான்கையும் எடுத்து, ஒன்றின் சிறு துண்டுகளை முன்கைத் தசையில் நடுவது. நாற்று நடுவது போலத்தான்! அது மீண்டும் மிகுந்து வளர்ந்தால் கையிலேயே எடுத்துவிடலாம்; அதற்காகக் கழுத்தைத் திறக்கவேண்டியதில்லை.

தைமஸ் சுரப்பியையும் கழுத்து வழியே எடுப்பதுண்டு. காரணம் நம் கருவியல் பாடத்திலேயே இருக்கிறது. கீழ்ப் பாராதைராய்டுகளும் தைமஸும் மூன்றாம் தொண்டைப் பையிலிருந்தே தோன்றுகின்றன. கூடவே இறங்கிய ஐந்தாவது சுரப்பி ஒன்று அங்கே ஒளிந்திருக்கக்கூடும்.

'மென்-2ஏ' என்ற வேறொரு பரம்பரை நோயில் வீங்கிய சுரப்பிகளை மட்டும் எடுப்பர். ஆனால் அட்ரினல் சுரப்பியில் கட்டி உண்டா என்று முதலில் பார்த்தாகவேண்டும். அதை அறியாமல் மயக்க மருந்து கொடுத்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக ஏறிவிடும்.

மாமாவுக்கு மூன்றரைச் சுரப்பிகளை எடுத்தார்கள். மரபணுச் சோதனையும் மென்-1 என்றே சொன்னது. உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். அம்மாச்சி மறுத்துவிட்டார். "கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்கிற வீடு. பரம்பரை வியாதின்னு தெரிஞ்சா எவன் வாசல்ல வந்து நிப்பான்?"

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தாத்தா, மாமா, அம்மா, அக்கா, நான் என்று கோடு போட்டு விளக்கினேன். மறைத்தால் நோய் போய்விடாது. முன்னரே அறிந்தால் கல் வருமுன், எலும்பு தேயுமுன் மருத்துவம் செய்யலாம். அம்மாவுக்கு அந்த மரபணுக் குறை இல்லையென்றால் எங்கள் இருவருக்கும் தாத்தா வழியில் அது வரவே வழியில்லை.

அம்மா அந்தப் பக்கத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பரிசோதனைச் சாலையில், "நீ படிச்சதுக்கு இதாவது ஆகட்டும்" என்று சொல்லிக் கையை நீட்டினாள்.