சாலைக் கடைத்தெருவும் கணக்கு மென்பொருள்களும்

திருவிதாங்கூரின் திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்தில் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவில், கிழக்கே கோட்டை முதல் கிள்ளிப்பாலம் வரையில் பலசரக்கும் பாத்திரமும் ஜவுளியும் விற்கும் வணிகர்கள், அவர்களுள் தலைமுறைகளாக அங்கேயே வேரூன்றிவிட்ட தமிழர்கள் உட்பட, பேரேட்டை விட்டுக் கணிப்பொறிக்கு மாறியபோது பெரும்பாலும் நாடியது டாலி என்னும் மென்பொருளைத்தான். தம் வியாபாரத்துக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமையால் ஷியாம் சுந்தர் கோயங்கா தம் புதல்வர் பரத் கோயங்காவையே அதை எழுதும்படி பணித்ததன் விளைவாக, 1986-இல் பெங்களூரில் தோன்றியது அது.

அதன் பலம் கணக்குப்பிள்ளையின் விரல்களில் இருக்கிறது. எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 பணப்பட்டுவாடா என்று ஆண்டுக்கணக்கில் பழகிய கை, வாடிக்கையாளர் பேசி முடிப்பதற்குள் பதிவை முடித்துவிடுகிறது. இந்த அப்பியாசத்தை அலட்சியம் செய்து புதுமையைப் பிரசங்கிப்பவர்கள் கடையில் அமர்ந்து கணக்கு எழுதியவர்கள் அல்லர்.

எனினும் 2011-இல் வந்த ஜோஹோ புக்ஸ் போன்ற இணையவழி மென்பொருள்களின் அனுகூலமும் யதார்த்தமானது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி அமலுக்கு வந்து, 2019 ஆகஸ்டு முதல் ஈராண்டுக் காலம் கேரளத்தில் ஒரு சதவீத வெள்ள நிவாரண வரியும் சேர்ந்தபோது, கடைக்குள் நிறுவப்பட்ட மென்பொருளைக் கடைதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது; இணையவழி மென்பொருளிலோ, நிறுவனத்தின் சர்வரில் ஒருமுறை செய்த திருத்தம் எல்லோரையும் எட்டிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குவது தென்னாட்டாருக்கு அபிமானம் தருவதே. ஆயினும் அபிமானத்தால் மட்டும் கணக்கை மாற்றலாகாது.

மாற்றத்தின் உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. ஏப்ரல் 1-ஆம் தேதி இருப்புத் தொகைகளை எளிதில் கொண்டுபோய்விடலாம். எந்தப் பில்லுக்கு எந்த வரவு என்ற பூர்வ சரித்திரமோ அவ்வளவு சுலபமாக உடன்வருவதில்லை. ஜிஎஸ்டி சட்டமோ, ஆண்டுக் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் ஏடுகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. ஆகையால் பணம் செலுத்துமுன், ஓராண்டுக் கணக்கு முழுவதையும், வேறொரு மென்பொருளில் திறந்து படிக்கத்தக்க கோப்பாக எடுத்துக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேட்பது வணிகரின் நியாயமான உரிமை. டாலியிடமும் ஜோஹோவிடமும் சமமாகவே கேட்க வேண்டியது.