வதந்தி வந்தால் முதலில் கடை வாசலில்தான் கூட்டம்!
2000-ஆம் ஆண்டுப் பயம் வணிகர்களுக்குச் சொல்லும் பாடம்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவன் ஒருவனாக இருந்தால் வீட்டோடு போயிற்று. ஊரே அரண்டு போனால் கூட்டம் வந்து நிற்பது நம் கடை வாசலிலும் வங்கி வாசலிலும்தான். ஆகவே, பயம் எப்படிப் பிறந்து எப்படிப் பரவுகிறது என்று மனநூல் அறிஞர்கள் ஆராய்ந்து கூறியிருப்பதை வணிகர்களாகிய நாமும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

1999-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களில் ஆண்டைக் குறிக்கக் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே எழுதி வந்தார்கள். 99 முடிந்து 00 வந்தால் இயந்திரம் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். வங்கிக் கணக்கு குழம்பும், மின்சாரம் நின்று போகும், விமானம் விழும் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. இதைத்தான் 'ஒய்-2-கே' என்றார்கள். அன்று நம் கடைகளில் பெரும்பாலும் பேரேடும் சிட்டையும்தான். ஆனாலும் பேச்சு நம் ஊர் டீக்கடை வரை வந்து சேர்ந்தது.

பயம் பொய்யா?

முழுப் பொய் அல்ல. உலகம் முழுவதும் 30,000 கோடி டாலருக்கு மேல் இதற்காகச் செலவானதாக மதிப்பிட்டார்கள். அந்தப் பழுது நீக்கும் வேலை நம் நாட்டு மென்பொருள் நிறுவனங்களுக்கும் கிடைத்தது. அப்படியும் சில இடங்களில் தவறு நேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீடியோ கேசட் கடைக்காரர் பில் போட்டபோது, கேசட் 100 ஆண்டு தாமதமாகத் திரும்பி வந்திருப்பதாகக் கணக்கிட்டு 91,250 டாலர் வாடகை காட்டியதாம் கம்ப்யூட்டர்! எதிர்பார்த்த பேரழிவு எதுவும் நடக்கவில்லை. 'வீண் செலவு' என்று பிறகு கேலி பேசியவர்கள், பழுது பார்த்ததால்தான் நடக்கவில்லை என்பதை மறந்தார்கள்.

அமெரிக்காவில் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில், 1998-இல் மூவரில் ஒருவர் பெரிய சிக்கல் வரும் என்றார். 1999 டிசம்பரில் அப்படிச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இடைப்பட்ட காலத்தில் வங்கிகளும் அரசும் செய்து முடித்த வேலையை அவ்வப்போது மக்களுக்குச் சொல்லி வந்தன. மக்கள் பணம் எடுக்க முண்டியடித்தால் தட்டுப்பாடு வரக்கூடாது என்று, அந்நாட்டு மத்திய வங்கி 5,000 கோடி டாலர் நோட்டுகளைக் கூடுதலாகக் கையிருப்பில் வைத்தது.

ஆராய்ச்சி சொல்வது

பால் ஸ்லோவிக் என்ற அறிஞர் 1987-இல் எழுதிய கட்டுரையில், கண்ணுக்குப் புலப்படாததும், புதியதும், நம் கைக்கு அடங்காததுமான ஆபத்தே மக்களை அதிகம் அச்சுறுத்துகிறது என்று விளக்கினார். தினமும் சாலையில் உயிர் போகிறது, பழகிவிட்டதால் பயமில்லை. கம்ப்யூட்டருக்குள் நடப்பது தெரியாததால் பயம்.

நம் நாட்டிலேயே 1934-ஆம் ஆண்டு பீகார் பூகம்பத்திற்குப் பின் ஜமுனா பிரசாத் என்ற உளவியலார் வதந்திகளைத் திரட்டி ஆராய்ந்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதமடையாத பகுதிகளில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் பரவியிருந்தன. மனத்தில் முன்பே புகுந்துவிட்ட பயத்திற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. அதை வதந்தி கொடுக்கிறது என்று பின்னாளில் விளக்கம் கூறினார்கள்.

ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் எழுதியது நமக்கு இன்னும் நெருக்கமானது. நல்ல நிலையில் உள்ள வங்கி திவாலாகப் போகிறது என்று நம்பி எல்லோரும் பணத்தை எடுத்தால், அந்த வங்கி உண்மையிலேயே திவாலாகும் என்றார் அவர்.

நாமே செய்த தவறு

வெகுதூரம் போக வேண்டாம். 10 ரூபாய் நாணயத்தை நாம் என்ன பாடு படுத்தினோம்! 14 வடிவங்களில் வந்த நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகும், தமிழகத்தில் பல கடைகளில் வாங்க மறுத்தோம். 'நாணயம் நல்லதுதான், அடுத்தவர் வாங்க மாட்டாரே' என்பதுதான் நம் பதில். அந்த அடுத்தவரும் அதையே சொன்னார். நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் இதை உணர்த்துவதற்காகவே, சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு 10 ரூபாய் நாணயங்களையே கொடுத்துக் கார் வாங்கிய செய்தி 2022-இல் நாளிதழ்களில் வந்தது.

இன்று பாலக்கோடு தக்காளி மண்டியிலிருந்து பெட்டிக்கடை வரை செல்போனில் பணம் வருகிறது. 2025-இல் மார்ச் 26-ஆம் தேதியும், ஏப்ரல் 12-ஆம் தேதியும் யூபிஐ நாடு முழுவதும் சில மணி நேரம் தடைபட்டது. அப்படி ஒரு நேரத்தில் கல்லாவில் இருப்பவர் 'பேங்க் பணமெல்லாம் போச்சாம்' என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். மாலைக்குள் அது ஊர்ச் செய்தியாகிவிடும். 'லைன் பழுது, பணம் பத்திரமாக இருக்கிறது, சற்றுப் பொறுங்கள்' என்று சொன்னால் வாடிக்கையாளர் நிம்மதியாகப் போவார்.

ஆகவே உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாள் வியாபாரத்துக்கு வேண்டிய சில்லறையைக் கல்லாவில் வைத்திருப்போம். பாக்கியை எழுத ஒரு நோட்டு கையருகில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை வங்கியிலோ சங்கத்திலோ விசாரிக்காமல் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்வோம். அதற்கு முன், யாரேனும் 10 ரூபாய் நாணயம் நீட்டினால் முகம் சுளிக்காமல் வாங்கிக் கல்லாவில் போடுவோம்.