பவளப்பாறைகளிலிருந்து கப்பாபைகசு பாசியை அகற்றல்

பவளப்பாறைகளிலிருந்து கப்பாபைகசு பாசியை அகற்றல் என்பது, மன்னார் வளைகுடாவில் பவள உயிரிகளின் மேல் படர்ந்து அவற்றை மூடுகின்ற அயல்நாட்டுக் கடற்பாசியைக் கையால் நீக்கும் பாதுகாப்புப் பணி ஆகும். இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பனை அடுத்துள்ள குருசடைத் தீவைச் சூழ்ந்த பவளப்பாறைகளில் இப்பாசி பரவியது 2008 ஆம் ஆண்டில் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. பாசியின் சிறு துணுக்கு எஞ்சினாலும் மீண்டும் வளர்ந்துவிடும். எனவே இப்பணி ஒருமுறை செய்து முடிக்கக்கூடியது அன்று.

பாசியின் இயல்பு

கப்பாபைகசு அல்வரேசி என்பது தென்கிழக்காசியக் கடல்களுக்கு, குறிப்பாகப் பிலிப்பைன்சுக்கு உரிய பாசி இனமாகும். செம்பாசி வகையைச் சேர்ந்ததாயினும் பச்சை, பழுப்பு ஆகிய நிறங்களிலும் காணப்படுகின்றது. இதிலிருந்து எடுக்கப்படும் கராகீனன் என்னும் கூழ்மப்பொருள் பனிக்கூழ், பற்பசை முதலியவற்றைக் கெட்டியாக்கப் பயன்படுகின்றது. பயிரிடுவோர் இதன் துண்டுகளையே விதையாகக் கயிற்றில் கட்டி வளர்க்கின்றனர். துண்டிலிருந்து முழுச்செடி வளரும் இப்பண்பே உழவருக்கு நன்மையாகவும் பவளப்பாறைக்குக் கேடாகவும் அமைந்துள்ளது.

தமிழகத்தில் வளர்ப்பு

பவநகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1984 ஆம் ஆண்டில் இப்பாசியை ஆய்வுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1990களில் மண்டபம் பகுதியில் வளர்ப்புச் சோதனைகள் நடைபெற்றன. பின்னர் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த முறையில் இதனை வளர்க்கச் செய்தமையால், உள்ளூரில் இது 'பெப்சி பாசி' எனவும் அழைக்கப்படுகின்றது.

மூங்கில் தெப்பங்களில் கட்டப்படும் பாசி ஏறத்தாழ 45 நாட்களில் அறுவடைக்கு வருகின்றது. தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி முதலியவற்றைச் சேகரித்து வந்த மீனவப் பெண்கள் பலர், கடல்சார் தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகளால் அத்தொழிலில் இடர்ப்பட்டனர். தெப்ப வளர்ப்பு இத்தகைய குடும்பங்களுக்கு வருவாய் தந்தது. 2005 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, பாக்கு விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இதனை வளர்க்கலாம் என வரையறுத்தது.

பவளங்களுக்கு நேரும் பாதிப்பு

பவள உயிரிகளின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவின் பெரும்பகுதியைப் பவள உயிரி பெறுகின்றது. கப்பாபைகசு பவளத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு தடித்த பாயைப்போல் மூடும்போது ஒளி தடைப்படுகின்றது, நீரோட்டமும் குறைகின்றது. நாளடைவில் பவளம் இறந்து, எஞ்சும் சுண்ணாம்புக் கூட்டின்மேல் பாசி நிலைகொள்கின்றது. கிளைகள் நெருங்கிய மான்கொம்புப் பவளங்களில் துணுக்குகள் எளிதில் சிக்கிக்கொள்கின்றன.

அகற்றும் முறை

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மேலும், பாறை ஆக்கும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 ஆம் ஆண்டு முதல் இடம்பெற்றுள்ளன. ஆகவே அகற்றும் பணியை வனத்துறையே முன்னின்று நடத்துகின்றது. மூழ்குவோர் பாசியைப் பவளக்கிளை முறியாதவாறு பிரித்தெடுத்து, பைகளில் இட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். பிரித்ததைக் கடலிலேயே விட்டால் நீரோட்டம் அதனை அடுத்த பாறைக்கு எடுத்துச்செல்லும். பவளத்தோடு ஒட்டிய அடிப்பகுதியை முழுதும் நீக்குவதே இப்பணியின் கடினமான கூறாகும். உப்புநீர் மீன்தொட்டிப் பாறைகளில் பரவும் வேண்டாத மென்பவளங்களை நீக்குவோரும் இதே இடரை எதிர்கொள்கின்றனர்.

ஹவாய் தீவுகளின் பட்டறிவு

ஹவாயின் கானியோகே விரிகுடாவில் 1970களில் கொண்டுவரப்பட்ட கப்பாபைகசு, பின்னர் அங்குள்ள பவளப்பாறைகளில் பரவியது. கையால் நீக்கிய இடங்களில் அது சில மாதங்களிலேயே மீண்டும் வளர்ந்தது. எனவே பாசியை உறிஞ்சிப் படகில் சேர்க்கும் பொறி பயன்படுத்தப்பட்டது. எஞ்சிய துணுக்குகளை மேய்வதற்கு, அப்பகுதிக்கே உரிய கடல் முள்ளெலிகள் வளர்த்து விடப்பட்டன. அகற்றுதலும் மேய்ச்சலும் சேர்ந்தபோதே நல்ல பயன் கிட்டியது.

தடுப்பு

2021 ஆம் ஆண்டின் நடுவண் அரசு வரவுசெலவுத் திட்டத்தில் தமிழகத்துக்குப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. வளர்ப்பு விரிவடையும் சூழலில், பவளப்பாறைகளிலிருந்து விலகிய இடத்தில் தெப்பங்களை அமைத்தல், புயற்காலத்திற்கு முன் அறுவடை செய்தல், உடைந்த துண்டுகளைச் சேகரித்தல், பாறைகளைத் தொடர்ந்து கண்காணித்தல் ஆகியவை இன்றியமையாதவை. பரவிய பாசியை நீக்குவதைவிடப் பரவாமல் காப்பது எளிது. மீனவக் குடும்பங்களின் வருவாயையும் பவளப்பாறைகளையும் ஒருங்கே காக்க இதுவே உரிய வழியாகும்.