வெப்பந் தாங்கும் நுண்ணங்கிகளும் வன்னியின் வைத்தியமும்: ஒரு சமூகவியல் நோக்கு

விஞ்ஞானச் சாதனையொன்றை அது பிறந்த ஆய்வுகூடத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. அது சென்றடைய வேண்டிய மண்ணிலிருந்து நோக்குமிடத்து வேறு வினாக்கள் எழுகின்றன.

தடுப்பூசிகளிற் பெரும்பாலானவை 2 முதல் 8 பாகை செல்சியசு வரையான குளிரிற் பேணப்பட வேண்டியவை. குடலுக்கு நலஞ்செய்யும் பற்றீரியாக்கள் பலவும் வெப்பத்தில் விரைந்து மடிவன. தடையற்ற மின்சாரமும் பாதையும் உள்ள சமூகமே இக் குளிர்ச் சங்கிலியைப் பேண வல்லது. 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மருந்தும் வன்னிக்குள் மட்டுப்படுத்தப்பட்டன. 2009 இன் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காகியது. பின்னர் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக வைத்தியசாலைகள் அடிப்படை மருந்துகளுமின்றி இயங்கின. அங்கே குளிர்ச் சங்கிலி பற்றிப் பேசுவதே அபத்தமாகும்.

குளிரை நாடாத உயிர்மருந்து சாத்தியமா? நமது விவசாயி இதன் அடிப்படையை அறிவான். விதைநெல்லை நன்கு காயவைத்தே அவன் சேமிக்கிறான். ஈரம் தங்கினால் முளைதிறன் கெடும். நீருள்ள கலத்தில் வெப்பம் ஏறப் புரதங்கள் குலைகின்றன. நீரை அகற்றி, அதன் இடத்திற் சில வெல்லங்களை நிறுத்தினால், கலம் கண்ணாடி போன்ற திண்மத்துள் உறைந்து, இயக்கமின்றி, ஆனால் இறவாது காத்திருக்கும். பசிலசு இனப் பற்றீரியாக்கள் தாமே வித்திகளாகி இதனைச் சாதிக்கின்றன. ஏனையவற்றுக்கு மனிதன் உதவ வேண்டும்.

மசாசூசெற்சு தொழினுட்ப நிறுவகத்தினர் 2024 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையது. பரம்பரையலகுகளைத் தொடாமலே, ஒவ்வொரு நுண்ணங்கிக்கும் பொருத்தமான சேர்மானங்களைத் தேடி, வெப்பத்தையும் கதிர்வீச்சையும் மாத்திரையாக்கும் அழுத்தத்தையும் அவை தாங்கச் செய்தனர். நாசா சார்ந்த விண்வெளி மருத்துவ நிறுவனமும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகவரகமும் இதற்கு நிதியளித்தன. விண்வெளி வீரனுக்கும் போர்வீரனுக்குமாகத் தேடப்பட்ட தீர்வு இது; உலர்வலயக் குடியானவன் அதன் பட்டியலில் பின்னரே இடம்பெறுவான்.

ஆய்வுக்குட்பட்ட நுண்ணங்கிகளின் பூர்வீகம் சுவையானது. அவற்றுள் ஒன்றான 'நிசில் 1917' என்னும் பற்றீரியாவை, வயிற்றோட்டம் பரவிய போர்முனையில் நோயுறாதிருந்த படைவீரர் ஒருவரின் மலத்திலிருந்து ஜெர்மானியரான அல்பிரட் நிசில் பிரித்தெடுத்தார். இன்னொன்றான மதுவத்தை, இந்தோசீனக் குடியேற்ற நாட்டு மக்கள் வாந்திபேதிக் காலத்திற் பழத்தோலை அவித்துக் குடித்ததைக் கண்ட பிரெஞ்சுக்காரர் போலார், 1920களில் இனங்கண்டார். பெயர் தெரியாத படைவீரரின் குடலும் பெயர் தெரியாத மக்களின் பழக்கமும் இவற்றின் மூலதனம் எனலாம். நுண்ணங்கிகளுக்கோ கண்டெடுத்தவர் பெயர்கள் நிலைத்தன. (நமது பழஞ்சோற்று நீரின் நுண்ணங்கிகளுக்கு எவர் பெயர் சூட்டப்படுமோ!)

இவ்விடத்து 1980 ஆம் ஆண்டு மனங்கொள்ளத்தக்கது. அவ்வாண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பெரியம்மை ஒழிந்ததெனப் பிரகடனஞ் செய்தது. அதற்கு அடிப்படையானதும் உலர்த்தும் கலையே: லிஸ்ரர் நிறுவகத்தின் லெஸ்லி கொலியர் 1950களிற் செம்மைப்படுத்திய, 37 பாகையிலும் மாதக்கணக்கிற் கெடாத உலர் தடுப்பூசி. 1958 இல் உலகளாவிய ஒழிப்பைச் சோவியத் பிரதிநிதி ஸ்தானோவ் முன்மொழிந்தார். சோவியத் ஒன்றியம் பெருந்தொகையான உலர் தடுப்பூசியை இனாமாக வழங்கியது. பின்னர் நோய் நிலவிய நாடுகளே அதனை உற்பத்தி செய்யலாயின. மறு மாதம், ஜூனில், அமெரிக்க உயர் நீதிமன்றம், வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் சிதைக்கும் பற்றீரியாவுக்கு ஆக்கவுரிமை பெறலாமென ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதன்வழி, ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட உயிரியும் தனியுடைமையாகத்தக்க பண்டமாயிற்று. இன்றைய வெப்பந் தாங்கும் நுண்ணங்கி இவ்விரு மரபுகளுள் எதன் வாரிசாகும் என்பதே நமக்குரிய பிரச்சினை. உயிரியல் இதற்கு விடையளிக்காது.

ஒரு ஐயத்தையும் கூறவேண்டும். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்டிருந்தபோது அங்கே செங்கண்மாரி பரவியது. அந்நோய்க் கிருமி அசுத்த நீராலும் உணவாலும் பரவுவது. கிணற்றையும் மலசலகூடத்தையும் அமைப்பதினும் நுண்ணங்கியை வலுப்படுத்துவது மலிவென ஆளுவோர் கணக்கிடும் அபாயம் உண்டு. எனினும், முள்ளிவாய்க்காலின் தறப்பாள் கொட்டிலொன்றில் வயிற்றோட்டத்தால் துவண்ட குழந்தையின் தாயிடம் இவ்வாதத்தை வைக்க எனக்கு வாய் வராது. அவளுக்கு வெயிலிற் கெடாத மாத்திரையும் வேண்டியிருந்தது, நல்ல தண்ணீரும் வேண்டியிருந்தது.