உஷார்! டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விடாதீர்கள்!

அப்பா காலத்து அம்பாசடரையோ பிரீமியர் பத்மினியையோ ஆசையாக வைத்திருக்கிறீர்களா? மீட்டர் பல்பை நீங்களே மாற்றப் போகிறீர்களா? ஒரு நிமிஷம். பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றினீர்களா? இல்லையென்றால் எதையும் தொடாதீர்கள்!

"சின்ன பல்புதானே" என்றுதான் தெரிந்த ஒருவரும் நினைத்தார். சாவியை உருவியாயிற்று, இனி கரண்ட் வராது என்று டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார். அம்மீட்டருக்குப் பின்னால் போகும் தடித்த வயருக்கு சாவி ஒரு பொருட்டே இல்லை. பேட்டரியிலிருந்து நேராக வருவது அது. பல பழைய வண்டிகளில் நடுவில் பியூஸும் கிடையாது. அவருடைய வாட்ச் செயின் அந்த வயரின் நட்டிலும் பாடியிலும் ஒருசேரப் பட்டது. அவ்வளவுதான். செயின் பழுக்கக் காய்ந்துவிட்டது. கழற்றுவதற்குள் மணிக்கட்டைச் சுற்றித் தீக்காயம், வண்டிக்குள் புகை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் சுட்டுவிடும்!

வாட்ச், மோதிரம், காப்பு எல்லாவற்றையும் முதலில் கழற்றி வையுங்கள்.

ஹெட்லைட் போட்டதும் ஸ்விட்ச் சுடுகிறதா? ஆபத்து! 45/40 வாட்ஸ் பல்பு இருந்த இடத்தில் 100/90 போட்டிருப்பார்கள். ஏழரை ஆம்பியர் ஓடிய வயரில் இப்போது 16 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. ரிலே போடாமல் ஓட்டினால் ஒருநாள் ஸ்விட்ச் உருகும், ராத்திரி நெடுஞ்சாலையில் இரண்டு விளக்கும் ஒன்றாக அணையும்.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிறார்களே, அதைப் போல மடத்தனம் வேறில்லை. பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே உச்சிக்குப் போகின்றனவா? மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். பல வண்டிகளில் இரண்டுக்கும் 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றுதான். அதற்கு எர்த் விட்டுப்போயிருக்கலாம். அந்த முள்ளை நம்பி ஓட்டினால் டேங்க் காலியானதே தெரியாது. ஆயில் பிரஷர் மீட்டருக்கு மெல்லிய குழாய் போகிறதா? இஞ்சின் ஓடும்போது அதன் நட்டைத் தொடாதீர்கள். கொதிக்கும் ஆயில் காலில் பீய்ச்சும்.

இன்னொன்று. 1950களுக்கு முந்தைய சில வண்டிகளின் டயலில் இருட்டில் மின்னும் ரேடியம் பெயிண்ட் இருக்கும். மின்னுவது நின்றிருக்கலாம், ரேடியம் போகவில்லை. அது பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். தயவுசெய்து அந்தக் கண்ணாடியைத் திறக்காதீர்கள். பெயிண்டைச் சுரண்டாதீர்கள். குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்!